நான்கு முழ இடைவெளி

1

1931 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. மழை ஓய்ந்து வடகாற்று வீசியது.

தேதி நான் இட்டது. நான் கண்டது இவ்வளவே: ஆம்பூரில், பாலாற்றங்கரையில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நான்கு முழ இடைவெளி விட்டு நடந்தார்கள். பாதை வளைந்ததும் அவர் மட்டும் பக்கம் மாறிக்கொண்டார். ஏன் என்று விளங்காமையால் இக்கதையை எழுதத் தொடங்கினேன்.

2

பெண்ணுக்குச் சவுரியம்மாள் என்று பெயரிட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளி ஆசிரியை. ஆண் ரத்தினசாமி, தோல் பதனிடும் சாலையில் மேஸ்திரி. ஞாயிறுதோறும் மாதா கோவிலில் மாலைச் செபம் முடிந்ததும் சேர்ந்தே அவரவர் வீடு திரும்புவார்கள். சவுரியம்மாள் அவரைக் கா—

[நிறுத்துகிறேன். அவளுக்கே தெளியாததை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையன்று.]

அவளுக்கு அரக்கோணம் பள்ளிக்கு மாற்றம் வந்திருந்தது. ஏற்பதா, மறுப்பதா என்று திங்கட்கிழமை காலை கையொப்பமிட்டுத் தர வேண்டும். இந்த நடை ஒரு நாட்டத்தின் தொடக்கமாயின் இங்கேயே இருப்பாள். வெறும் வழித்துணையாயின் போய்விடுவாள். பெண் பார்க்க வருபவர்களுக்கு வெற்றிலைத் தட்டு உண்டு. மணத்துக்குக் கோவிலில் ஓலை வாசித்து ஊரறிய அறிவிப்பது உண்டு. அவற்றுக்கு முன்னால், இருவர் சேர்ந்து நடப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

உடன் பணிபுரியும் செண்பகம் சிரித்தாள்: “இன்னாடி இது, மாடு மேய்க்கிறவன்கூட மாட்டுக்குக் கிட்ட நடப்பான். இவரு ஆத்துக்கு அந்தாண்டையே போய்டுவாரு போல!”

3

முதல் முடிவு: அவர் தம் விருப்பத்தைச் சொல்கிறார். [நீக்கினேன். அவ்வளவு பேசக்கூடியவர் அவ்வளவு தள்ளி நடக்கமாட்டார்.]

இரண்டாம் முடிவு: கண்ணீருடன் அவள் ரயில்— [இது வேறு யாருடைய கதையோ.]

4

பாதை வளைந்தது. அவர் பக்கம் மாறினார்.

“ஊருக்குப் பயந்தா இவ்ளோ தள்ளிப் போறீங்க?” என்றாள்.

“ஊருக்கு இல்ல, டீச்சரம்மா. காத்துக்கு. தோல் ஊற வெக்கிற சுண்ணாம்புத் தொட்டி நாத்தம் எவ்ளோ தேச்சிக் குளிச்சாலும் போவல. உங்க மேல அடிக்கக் கூடாதுன்னு...”

“வாராவாரம் காத்து பாத்துத்தான் நடக்கறீங்களா?”

“டேனரிக்காரனுக்கு அது பழக்கம்.”

[இங்கே எழுதுகோலைக் கீழே வைத்தேன். அந்த நான்கு முழத்தை அவளைப் போலவே நானும் விலகல் என்று எண்ணியிருந்தேன். விலகல் அன்று; சரி. ஆனால் அன்புதானா? எவருக்கும் இதே மரியாதையைச் செய்பவராக அவர் இருக்கலாமே.]

அவளுக்கும் அந்த ஐயம் தோன்றியிருக்க வேண்டும்.

“செண்பகம் கூட நடந்தாலும் இப்டித்தான் நடப்பீங்களா?”

“அவங்ககூட நான் ஏன் நடக்கப் போறேன்?”

அவள் அவருக்குப் பின்புறமாகச் சுற்றி, காற்று அவரைத் தொட்டு வரும் பக்கத்துக்கு வந்தாள்.

“பேஜாரா இருக்கும், டீச்சரம்மா.”

“இருக்கட்டும். நடங்க.”

5

திங்கட்கிழமை காலை மடத்துத் தலைவி தாளைப் பார்த்தார். சவுரியம்மாள் இன்னும் அதைக் கையில்தான் வைத்திருந்தாள். அரக்கோணம் செல்ல இயலாது என்று எழுதியிருந்தது.

“காரணம் எழுதலையேம்மா?”

“எனக்கே தெரிஞ்சதும் எழுதறேன், மதர்.”

காரணத்துக்கான இடத்தை நான் இருமுறை நிரப்பி, இருமுறையும் அடித்துவிட்டேன். நான் கண்டதையெல்லாம் நீங்களும் கண்டிருக்கிறீர்கள். காரணத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பம் அவளுடையது. தாளை நீட்டினாள், மதர் வாங்கிக்கொண்டார்.