தோள்பட்டையைப் பார்க்கும் வேட்பாளர்

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனது. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய்.

வார்டு தேர்தலில் நிற்கிறேன் என்று கிளம்பியது நான்தான். என் தையல் கடை வாசலில் தெருவிளக்கு இரண்டு வருடமாக எரியவில்லை. மனு எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். ஆனால் போஸ்டருக்கு நல்ல படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் வீட்டுக்காரர்.

"எதிர்ல நிக்கிறது காண்ட்ராக்டர். அவர் போஸ்டரைப் பாத்தியா? வானத்தைப் பாத்துக்கிட்டு என்னமா நிக்கிறாரு! உன் அடையாள அட்டை போட்டோவைப் போட்டா ஜனங்க தெருவை மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க."

கட்டினவர் வாயால் இதையும் கேட்டாயிற்று.

ஸ்டூடியோவில் சாம்பல் நிறத் திரை, குடை மாட்டிய இரண்டு விளக்குகள், உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சுழலும் ஸ்டூல். போட்டோகிராபருக்கு முப்பது வயதிருக்கும். முதல் வேலையாக என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றச் சொன்னார். இருபது வருடமாகக் கிடந்த டேப். கழற்றியதும் எனக்கு என்னவோ போலிருந்தது.

"லென்ஸையே பாருங்க மேடம். ஓட்டுப் போடறவங்களை நேருக்கு நேர் பாக்குற மாதிரி இருக்கணும். அதுதான் முக்கியம்."

பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைத்தேன். நாற்பது படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். நாற்பதிலும் என் கண் லென்ஸை விட்டு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார் வீட்டுக்காரர். "முகம் குடுத்துப் பேசாதவளுன்னு நினைப்பாங்க. கொடுத்த காசு அவ்வளவுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தப்பு என் மேல இல்ல. தம்பி, உங்க வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. கண்ணு முன்னால அதை வச்சுக்கிட்டு லென்ஸைப் பாருன்னா எப்படிப் பாக்கிறது?"

போட்டோகிராபர் சுவர்க் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எந்தச் சட்டை போட்டாலும் கழுத்தைப் பிடிச்சு இழுக்கும்க்கா. தைக்கிறவங்கதான் சரியில்லன்னு நினைச்சேன்."

மேடம் அக்காவாகிவிட்டாள். "தைச்சவங்களைச் சொல்லாதீங்க. எத்தனை வருஷமா கேமராப் பையை அந்தத் தோள்லயே மாட்டுறீங்க? கழுத்து வரைக்கும் வலிக்குமே?"

"வலிக்கும்க்கா. வீட்ல கூடச் சொன்னதில்ல."

டேப்பை எடுத்து அவருக்கு அளவெடுத்தேன். மறுபடி படம் எடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் இருந்த என் படத்தைப் பார்த்தபடியே தன் வலது தோளைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, "வேண்டாம் சார், இதையே போடுங்க" என்றார். படம் சொதப்பினால் வார்டே சிரிக்கும், மெஷினும் போச்சு, விளக்கும் போச்சு. இருந்தாலும் சரி என்றேன்.

கடைக்கு எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். சட்டைக்குக் காஜா எடுத்தபடியே நோட்டம் விட்டேன். பால்காரர் வந்தார், போஸ்டரைப் பார்த்தார், கை தானாகத் தோளுக்குப் போய்ச் சட்டையை இழுத்துவிட்டது. அடுத்து டீச்சர். அடுத்து வாடகைக் கார் டிரைவர், இரண்டு தோளையும். "அக்கா, நீ என்னையே பாக்குற மாதிரி இருக்கு" என்று ஒருத்தி உள்ளே வந்து சொல்லிவிட்டே போனாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மெஷின் மெதுவாக வரட்டும்.

மூன்றாம் நாள் கோட்டும் கையுமாகக் காண்ட்ராக்டரே வந்து நின்றார்.

"தங்கச்சி, உன் போஸ்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை தோளுக்குப் போகுது. என்ன கோளாறுன்னு நீயே பாத்துச் சொல்லிடு."

கோட்டை மாட்டச் சொல்லி அளவெடுத்தேன். இடது பக்கம் கால் இஞ்ச் இறக்கம்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்கண்ணா, தயாரா இருக்கும்."

"ஏழு மணிக்கா? வாசல்ல இருட்டா இருக்குமே?"

"ரெண்டு வருஷமா அப்படித்தாண்ணா இருக்கு."

போஸ்டரில் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷர், அப்போதுதான் வெளியே போய் விளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் கால் இஞ்ச்சை நோட்டில் குறித்துக்கொண்டேன்.