மேல் வரியில் இருந்தவர்

1
ஒன்பது வரிக் கணினி நிரல் எழுதினேன். ஒரு பெண்ணுக்கு வேலை போனது. பத்தாவது வரியை மறந்தேன். இந்தக் கதை பிறந்தது.

[முதலில் 'டுலூத் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். பனி மேல் குற்றமில்லை.]

2
முதியோர் இல்லம். உதவியாளர்கள் இரண்டு மணிக்கொரு தடவை ஒவ்வொரு அறையையும் பார்த்து, நேரத்தைக் கணினியில் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளை அலசுவது என் வேலை. தரவுகளை அலசும் எஸ்.க்யூ.எல் என்ற கணினி மொழியில் 'லேக்' என்றொரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் அதற்கு மேல் வரியோடு ஒப்பிடும். அறைவாரியாகப் பிரித்து, நான்கு மணி நேரத்தைத் தாண்டிய இடைவெளிகளைக் கேட்டேன். பதினேழு வந்தன. பதினான்கு, மார்லிஸ் என்ற உதவியாளருடைய அறைகளில்.

3
இல்லத் தலைவி டெனிஸ் மார்லிஸிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பதினாலு தடவை எட்டியே பாக்கல. என்ன மார்லிஸ் இது?"

"சாகப்போறவங்களை எல்லாம் என் தலையிலதானே கட்டறே? கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எட்டிப் பாக்கலையாம்."

"கம்ப்யூட்டர் சொல்லுதே."

"டயப்பர் மாத்தத் தெரியுமான்னு அதைக் கேளு."

நான் சிரித்தேன். மார்லிஸ் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலை அன்று மதியம் முடிந்தது.

[மார்லிஸைக் கொடுமைக்காரியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவர் தன் கையை... அதற்கு மேல் எழுத வரவில்லை.]

4
வாசகர் பரிதாபப்பட ஒரு கிழவர் தேவைப்பட்டார். 'பதினான்காம் அறை. ஆறு மணி நேரமாகத் தண்ணீர் கேட்டுக் கிடந்தார்...' பெயர் வேண்டுமே என்று பதிவைத் திறந்தேன்.

மேல் வரியில் ஆர்வில். கீழ் வரியில் லொரெய்ன்.

ஆர்வில் காலை எட்டு மணிக்கு இறந்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு அதே கட்டிலுக்கு லொரெய்ன் வந்திருக்கிறார். நடுவில் ஆறு மணி நேரம், காலிக் கட்டில்.

அறைவாரியாகப் பிரித்தவன், ஆள்வாரியாகப் பிரிக்கவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினேன். மார்லிஸ்: பூஜ்யம். நான் அவர் மேல் எழுதிய பதினான்கு தவறுகளும் பதினான்கு சாவுகள்.

5
வெள்ளி காலை பத்து மணிக்கு மார்லிஸ் மேல் மாநில அரசின் விசாரணை. உதவியாளர்களின் மாநிலப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினால், இனி எந்த இல்லமும் அவரைச் சேர்க்காது.

முடிவு ஒன்று: உண்மையை எழுதி அனுப்புகிறேன், மார்லிஸுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது, என் வேலை போகிறது.

முடிவு இரண்டு: இதைக் கதை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். எந்த முடிவு என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே போய் முதல் வரிகளைப் பாருங்கள். 'வேலை போனது' என்றுதான் இன்னும் இருக்கிறது. திருத்த எனக்கு நேரமிருந்தது.