மாமன் பெயர் எந்தப் பக்கத்தில்?

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது என்கிற நேரத்தில், பெண்ணின் தாய்மாமன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சீர் பிரச்சினை இல்லை, நிலத் தகராறும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம்.

புத்தகத்தை எழுதியவர் பெண்ணின் அப்பா பழனிக்குமார். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடமாகத் திருவிழா மேடைகளில் நகைச்சுவை சொல்லிக்கொண்டிருப்பவர். ஏழு சினிமாவில் தலைகாட்டியிருக்கிறார். ஏழிலும் அடி வாங்கியிருக்கிறார். அதில் இரண்டு படத்தில் அடி விழும் சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காட்டமாட்டார்கள். இந்த அனுபவங்களை எல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி, 'மைக்கை என்னிடம் கொடுத்தது தப்பு' என்று பெயர் வைத்து, ஐந்நூறு பிரதி அச்சடித்தார். கடைசிப் பக்கத்தில் 'வாசகர் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று கைப்பேசி எண்ணையும் போட்டார்.

அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை. புத்தகத்தைக் கொடுத்த விதத்தில்தான் தப்பு நடந்தது. மகள் இசைவாணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் மண்டபம். எப்படியும் வீடு வீடாகப் பத்திரிகை வைக்கப் போகிறோம், போகிற போக்கில் புத்தகத்தையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், அதன்மேல் பத்திரிகை, அதன்மேல் புத்தகம் என்று ஒரே தட்டில் வைத்து நீட்டினார்.

கல்யாணத் தட்டில் வருகிற எதையும் நம் சனங்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? முதலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று பார்ப்பார்கள். அப்புறம் பேசாமல் மூடிவைத்துவிட்டுக் கோபப்படத் தொடங்குவார்கள். புத்தகத்தையும் அப்படியேதான் படித்தார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து கருத்துகள் வர ஆரம்பித்தன. எல்லாம் குரல் பதிவுகள். பழனிக்குமார் சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, மனைவி ராமுத்தாயையும் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகப் போட்டுக் கேட்டார்.

முதல் வாசகர் பெரியப்பா மகன் பிரபு. "அண்ணே, புத்தகம் கெடச்சுச்சு. பத்தொன்பதாம் பக்கத்துல எங்கப்பா பேரு நம்ம சித்தப்பா பேருக்குப் பின்னால வருது. எங்கப்பாதான மூத்தவரு? அம்புட்டுதேன். வைக்கிறேன்."

அடுத்தது ஒட்டன்சத்திரத்திலிருந்து, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர். "ஏனுங்க, புத்தகம் ரொம்ப நல்லாருக்குதுங்க. எங்கூர் பேரு வருதுங்க. மேடையில உங்க மேல தக்காளி எறிஞ்சாங்கன்னு எழுதியிருக்கறீங்க. தக்காளி இல்லீங்க. அன்னிக்குத் தக்காளி வெலை ஜாஸ்திங்க. நாங்க எறிஞ்சது சொத்தைக் கத்திரிக்காய்ங்க. அதை மட்டும் மாத்திருங்க."

மூன்றாவது, ஒருகாலத்தில் பழனிக்குமாரின் கூட்டங்களுக்கு மைக்செட் போட்ட ஜமால் முகமது. "எம்பத்தெட்டாம் பக்கத்துல 'இன்று அவர் நம்மோடு இல்லை'ன்னு போட்டிருக்கியேப்பா. நான் பழனிக்கு வந்து லாட்ஜ் பாத்துக்கிட்டு இருக்கேன். அதை முழுசா எழுதுனா என்ன, மை தீந்துருமா? நேத்து மூணு பேரு மாலையோட வந்துட்டாங்க. கதவைத் தொறந்தது நானு. ஒருத்தருக்கு மயக்கமே வந்துருச்சு."

ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பழனிக்குமாரின் முகம் சுருங்கிப்போனது.

"சிரிப்பு வந்துச்சுன்னு ஒருத்தனாச்சும் சொல்றானா பாத்தியா?" என்றார்.

"எனக்கு வருதுங்க."

"இதைக் கேட்டு இல்ல. புத்தகத்தைப் படிச்சு."

நம்பிக்கை பாக்கியிருந்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பவுல்ராஜ். அவர்தான் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துக் கொடுத்தவர். பழனிக்குமாரே போன் போட்டார்.

"ஒற்றுப்பிழை நாலுதான் தங்கியிருக்கு. பாராட்டுகள்" என்றார் ஆசிரியர்.

"அது இல்ல சார், படிக்கும்போது எப்படி இருந்துச்சு?"

ஆசிரியர் யோசித்தார். "எழுத்துப் பெருசா இருந்துச்சு. கண்ணுக்கு நல்லது" என்றார்.

இவ்வளவையும் பழனிக்குமார் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாத கருத்து மறுநாள் காலையில் சித்தையன்கோட்டையிலிருந்து வந்தது. சொன்னவர் ராமுத்தாயின் கூடப்பிறந்த ஒரே தம்பி சோலைமுத்து.

"அக்கா, நீயும் கேளு. புத்தகம் பூரா தேடிட்டேன். டீக்கடைக்காரர் பேரு இருக்கு. மச்சான் வேன்ல சுத்துன காலத்துல கூடவே கெடந்த நாய் பேரு இருக்கு. சிப்பாய்ங்கிற அந்த நாய்க்கு மூணு பக்கம். எனக்கு ஒரு வரி இல்ல. நல்லது. கல்யாணத்துக்கு மாமன் மாலையை அந்த நாயே கொண்டுவரட்டும்."

இது சிரிக்கிற விஷயம் இல்லை. மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவராமல் அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் தாலி கட்டிக்கொண்டது கிடையாது. இசைவாணிக்கு இருப்பதோ ஒரே மாமன். நாய் செத்துப் பதினாறு வருடம் ஆகிறது.

"பத்திரிகையில அவன் பேரைத்தான மொதல்ல போட்டிருக்கோம்" என்றார் பழனிக்குமார்.

"பத்திரிகை கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பழைய பேப்பர். புத்தகம் அப்படியா? அவன் பேரை ஏன் விட்டீங்க?"

"வேணும்னு விடலை. பக்கம் கூடிப்போச்சு."

"நாய்க்குக் கூடலையா?"

இசைவாணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாமா வரலைன்னா நான் மணவறைக்கு யார் கூட வாரது? நீங்களே மீசையை எடுத்துட்டு மாமா மாதிரி வருவீங்களா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். கேட்டு முடிக்கும்போது குரல் மட்டும் கொஞ்சம் உடைந்துவிட்டது. பழனிக்குமார் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார்.

புத்தகத்தில் ஒட்டுவதற்கென்று ரோஸ் நிறத் தாளில் ஐந்நூறு சீட்டு அடித்தார்கள். 'என் வாழ்விலும் வளர்ச்சியிலும் தூணாக நிற்கும் அன்பு மைத்துனர், விவசாயப் பெருந்தகை, சித்தையன்கோட்டை திரு. சோலைமுத்து அவர்களுக்கு என் இதயம் கனிந்த நன்றி.' பவுல்ராஜ் பார்த்து, ஒற்றுப்பிழை இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். சீட்டுக்கட்டையும் மிச்சமிருந்த இருநூறு புத்தகத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியுமாகச் சித்தையன்கோட்டைக்குப் போனார்கள்.

சோலைமுத்து வாழைத்தோப்பிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தாலும் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க மச்சான், வா அக்கா" என்றார். அவர் மனைவி பேச்சாயி மோர் கொண்டுவந்தார். எல்லோரும் மோரைக் குடித்தார்கள். மோர் தீர்ந்ததும் பழனிக்குமார் சீட்டை எடுத்து நீட்டினார்.

சோலைமுத்து கண்ணாடி போட்டுப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இது எந்த மாமனுக்கும் பொருந்தும் மச்சான். பேரை மட்டும் மாத்துனாப் போதும்."

"தூணுன்னு போட்டிருக்கேன் மாப்ள."

"தூண் என்ன பண்ணும்? சும்மா நிக்கும். உங்க நாய் என்ன பண்ணுச்சு? வத்தலக்குண்டு ரோட்டுல வேனை மறிச்ச போலீஸ்காரரு தொப்பியைக் கவ்விக்கிட்டு ஓடுச்சு. அவரு பின்னாலயே ஓடுனாரு. நீங்க வேனை எடுத்துட்டுப் போயிட்டீங்க. அது வேலை. நான் என்ன பண்ணேன்னு இதுல எங்க இருக்கு?"

பழனிக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள, நாய்க்கதை நூத்தி அறுபதாம் பக்கத்துலல்ல வருது. அதுவரைக்குமா படிச்ச?"

"அதுவரைக்குமா? எரநூத்திப் பன்னெண்டு பக்கமும் படிச்சேன். பேரு எந்த வரியில ஒளிஞ்சிருக்கோ யாரு கண்டா? எல்லா வரியும் படிச்சாத்தான தெரியும்?"

பாருங்கள், பேர் இருந்தவன் எல்லாம் தன் பேர் வந்த பக்கத்தோடு மூடிவிட்டான். பேர் இல்லாத ஒரே மனிதர்தான் முழுப் புத்தகத்தையும் படித்திருக்கிறார். பழனிக்குமாருக்கு வந்த காரியம் மறந்துபோனது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு மாப்ள?"

"எதைக் கேக்குறீங்க?"

"புத்தகம்தான்யா."

ராமுத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டார். சோலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"அம்பத்தேழாம் பக்கத்துல சொன்ன ஜோக்கையே நூத்தி நாப்பதுலயும் சொல்லியிருக்கீங்க. ரெண்டாவது வாட்டி நல்லா இல்ல. சென்னை கதை இழுவை. யாரோ உங்களை அடிக்கிறாங்க, நீங்க காபி குடிக்கிறீங்க, மறுபடி அடிக்கிறாங்க. உங்கம்மா செத்த அன்னைக்கு நீங்க மேடையேறுன கதை இருக்குல்ல, அதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியாப் பேசலை. இவளைக் கேளுங்க."

"ஆமாங்கண்ணே. வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னுகூடச் சொல்லலை. நானா தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் பேச்சாயி.

பழனிக்குமார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சிரிப்பு?"

"மூணு எடத்துல சிரிச்சேன். நாலாவது ஒண்ணு இருக்கு, அது நாப்பத்தொண்ணாம் பக்கம். அங்கதான் சிரிப்பு வரவேண்டியது. கோவம் வந்துருச்சு." சோலைமுத்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைச் சரியாகப் பிரித்தார். "'அன்று என் முதல் மேடை. கூட்டம் பத்து நிமிடம் விடாமல் சிரித்தது.' நீங்க எழுதுனது. எதைப் பாத்துச் சிரிச்சதுன்னு ஏன் மச்சான் எழுதலை?"

பழனிக்குமார் காலி மோர் டம்ளரைக் குடிக்கப் பார்த்தார்.

"உனக்கு அவமானமா இருக்குமேன்னுதான் மாப்ள."

"எனக்கா?"

சோலைமுத்து பிரித்த பக்கத்தை மூடாமல் அவரையே பார்த்தார். மேடையில் எத்தனையோ கூட்டத்தைச் சமாளித்த மனிதருக்கு, இந்த ஒற்றை ஆள் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை.

"சரி, எனக்குத்தான். அது நான் வாங்குன சிரிப்பு இல்ல. உன்னோடது. அதை எழுதுனா, மொத மேடையில நான் தோத்துப்போனது தெரிஞ்சுரும்" என்றார்.

"அதை எழுதுங்க. அப்புறம் பேசுவோம்."

ரோஸ் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பழனிக்குமார் எழுத ஆரம்பித்தார். இடம் பத்தாமல் நாலு சீட்டு ஆனது. எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தார்:

'அன்று நான் சொன்ன ஒரு நகைச்சுவைக்கும் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் என் மைத்துனன் சோலைமுத்து மட்டும், அக்காள் புருஷன் மானம் போகிறதே என்று, நான் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தான். அளவுக்கு மீறிச் சிரித்ததில் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. பின்னால் சாமிக்கு வைத்திருந்த பானக்க அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டான். காலும் தலையும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. அண்டாவோடு எழுந்து நடந்தான். நாலு அடிக்கு ஒருதரம் கோவிலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். கூட்டம் பத்து நிமிடம் சிரித்தது. மைக் என் கையில் இருந்ததால், சிரிக்கவைத்தது நான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அடுத்த வாரமே மூன்று ஊரில் கூப்பிட்டார்கள். முப்பது வருடமாக அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பிழைக்கிறேன்.'

பேச்சாயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்தக் கதையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. ராமுத்தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சோலைமுத்து மட்டும் பிழை பார்க்கும் பவுல்ராஜ் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாலு பேர் இல்ல, ஆறு பேர் இழுத்தாங்க. 'சோலைமுத்து'ன்னு மொட்டையா இருக்கு. 'தாய்மாமன்'னு சேருங்க."

"அப்ப இசைவாணி பொறக்கவே இல்லயே மாப்ள."

"'பிற்காலத்தில் தாய்மாமன்'னு போடுங்க. இப்ப வாசிங்க, செத்த மெதுவா."

மூன்றாவது தடவை வாசிக்கும்போதுதான் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்புறம் நிற்கவில்லை. அக்காள் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

மறுநாளே புதுச்சீட்டு அச்சானது. கல்யாணத்துக்குள் ஊர் ஊராகப் போய், கொடுத்த புத்தகங்களையும் திரும்ப வாங்கி, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மைதாப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டியவர் சோலைமுத்துவேதான். மச்சானை ஒட்டவிடவில்லை, கோணலாக ஒட்டுகிறார் என்றார்.

கல்யாணத்தன்று இருபத்தொரு சீர்த்தட்டோடு மேளம் முழங்க வந்து இறங்கினார். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஜமால் முகமது, பழைய பழக்கத்தில் மைக்கை எடுத்து, "தாய்மாமன் சோலைமுத்து அவர்கள் மணமகளுக்கு மாலை அணிவிக்க வருகிறார்" என்று அறிவித்தார். அவ்வளவுதான். பந்திக்குக் காத்திருந்தவர்கள், பழனிக்காரர்கள், ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் எல்லோருக்கும் அண்டா ஞாபகம் வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. பிரபு நாற்காலியிலிருந்து சரிந்தான்.

சோலைமுத்து மாலையைக் கையில் ஏந்தியபடி, மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, எல்லோரும் பார்க்கும்படி நின்றார்.

"மாமா, நேரமாகுது. மாலையைப் போடுங்க" என்று இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"செத்த இருத்தா. பின்னால ரெண்டு பேரு இன்னும் சிரிச்சு முடிக்கலை."