நாற்பத்து மூன்று கத்தல்கள்

நான் எழுதிய கருவிக்கு ஒரே வேலை. அலுவலகத்தில் யார் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, எழுதினாலும் வரி வரியாகப் படித்து, ஆபத்தான கட்டளை என்று தோன்றினால் எச்சரிக்க வேண்டும். தோன்றினால்தான். ஓட்டிப் பார்க்காது, ஊகிக்கும். 'இப்படித் தட்டினால் எல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை' என்று யாராவது உதவிக்குறிப்பு எழுதியிருந்தால், அந்தக் குறிப்பையே பிடித்துக்கொண்டு கத்தும்.

அப்படி நாற்பத்து மூன்று பொய்க் கத்தல்கள். மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள வாய மூட வை. இல்லேன்னா அதத் தூக்கிடலாம். புகார் மேல புகாரா வருது."

இரண்டு வருட உழைப்பு. எரிச்சலோடு கருவியின் விதிகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு விதியைத் திருத்தினால் இன்னொன்று பல்லை இளித்தது. மேற்கோளுக்குள் இருப்பதை விடச் சொன்னால், நிஜக் கட்டளைகளையும் சேர்த்து விட்டது. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே கிடந்தது. கடைசியில் பொறுமை போய், தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே பல வரிகளாக வருவதெல்லாம் வெறும் உரை, தொடாதே என்று ஒரே போடாகப் போட்டேன்.

கத்தல்கள் பூஜ்யம்.

சந்தோஷம் வரவில்லை. நாற்பத்து மூன்றையும் நான் படித்தேனா? இருபதாவதுக்குப் பிறகு சும்மா கண்ணை ஓட்டியதோடு சரி. பழைய பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பத்தொன்றாவது, கோப்புகளுக்கு நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலையைப் பார்க்கும் அக்காவின் ஸ்கிரிப்ட். குறிகளுக்கு நடுவேதான் இருந்தது, ஆனால் வெறுமே படிப்பதற்கான உரை இல்லை. இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பி அங்கே ஓட்டுவது. அழிக்க வேண்டிய கோப்புறையின் பெயர் காலியாக வந்தால் சேமிப்பு மொத்தமும் அழிந்து போய்விடும். கருவி சொன்னது நிஜம்.

அவர் மேசைக்கு ஓடினேன்.

"அக்கா, உங்க ஸ்கிரிப்ட்ட உடனே நிறுத்துங்க. அந்த அழிக்கிற வரி ஆபத்து."

அவர் நிறுத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எந்த வரி, இதுவா? இதத்தானே தம்பி, மூணு மாசம் முன்னாடி உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேன். திரும்பிக்கூட பாக்கல நீங்க. பொய்க் கத்தல், கண்டுக்காதீங்கன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். தினமும் பத்துப் பேருக்கு அதைத்தான் சொல்கிறேன்.

"எழுதினவரே நம்பாத சாமான் நமக்கெதுக்குன்னு தோணுச்சு," என்றார். "தூக்கச் சொல்லி மேலாளருக்கு முதல்ல எழுதினது நான்தான்."