எங்கள் தலைக்கு மேல் இருந்தவர்கள்

இருபத்தாறு வருஷம் நாங்கள் கீழ்வீட்டில் இருந்தோம். அதில் கடைசி ஆறு வருஷம், பிற்பகல் மூன்றரை மணி ஆனால் போதும், தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும். கனமான மரச்சாமான் எதையோ தரையோடு தரையாக இழுக்கிற சத்தம். கர்ரென்று ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்குவதுபோல் நின்று, மறுபடியும் கர்ரென்று எதிர்ச்சுவர் வரைக்கும் போகும். நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பேன், தையல் கோணிவிடும். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த என் கணவர் திடுக்கிட்டு எழுந்து, திரைச்சீலைக் கம்பியால் கூரையை நாலு இடி இடிப்பார்.

"மாடியில இருக்கிறது மனுஷங்களா, இல்ல மாட்டுவண்டியா?"

அவர் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். குற்றம் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்குத் தாள் கிடைக்காததால் ஊரைத் திருத்த ஆரம்பித்தார். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குப்பை வண்டி என்று வாரத்துக்கு ஒரு மனு. தெருவில் அவருக்கு 'மனு சார்' என்றே பெயர். மாடிவீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு தடவை எழுதிப் போட்டார். 'தங்கள் வீட்டிலிருந்து எழும் சத்தம் எங்களுக்குப் பெரும் தொந்திரவாக உள்ளது' என்று.

மாடியில் இருந்தவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அந்தக் கடிதம் எங்கள் கதவிடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. பதில் ஒன்றும் இல்லை. 'தொந்திரவு' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் 'தொந்தரவு' என்று முத்து முத்தாக எழுத்து. அவ்வளவுதான்.

என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "முப்பது வருஷத்துல ஒரு பய என்கிட்ட எழுத்துப்பிழை சொன்னதில்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு மாடிக்கும் கீழுக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. டீச்சரின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். விழுந்த புதிதில் பழம் வாங்கிக்கொண்டு போய் ஒரு தடவை பார்த்துவிட்டும் வந்தோம். அதற்குப் பிறகு இந்தச் சண்டை வந்ததால் மாடிப்படி ஏறவே இல்லை.

மற்றபடி அந்த வீட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் மகள் தவழ்ந்தது அங்கேதான். மழைக்காலம் வந்தால் வாசல்கதவு ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும். தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் பையை முன்னால் வைத்து முட்டிக்கொண்டு உள்ளே விழுவாள். நான் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, மழையைப் பார்த்தபடியே சீருடைகள் தைப்பேன். மிதிக்கிற தாளமும் மழைத் தாளமும் சில சமயம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் எத்தனை பெரிய மழைக்கும் தண்ணீர் வாசலின் இரண்டாம் படியோடு நின்றுவிடும். மூன்றாம் படியை அது தொட்டு நான் பார்த்ததில்லை. மழை வந்தால் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலே வாழ்க்கையில் பாதி போய்விட்டது.

பிறகு எல்லாம் கலைந்துபோயிற்று. வெயில் முன்னாலேயே வந்து, போக வேண்டிய மாதத்திலும் போகாமல் நின்றது. மழை வர வேண்டிய சமயத்தில் வராமல், யாரும் எதிர்பார்க்காத ஒரு மாதத்தில் வந்து கொட்டியது. முதல் வருஷம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அடுத்த வருஷம் கட்டில் கால் முழுகியது. மூன்றாவது வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலையில் பிடித்த மழை, மத்தியானமாகியும் விடவில்லை. வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று நாங்கள் வாசலில் சாக்கும் மணலும் அடுக்கி வைத்திருந்தோம். அது குளியலறை வழியாக வந்தது. தரையில் இருக்கும் தண்ணீர் போகிற துவாரம் முதலில் குபுகுபுவென்று பேசியது. எட்டிப் பார்த்தால், கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து மேலே வருகிறது. அரைமணி நேரத்தில் முழங்கால். மின்சாரம் போய்விட்டது. இவர் அகராதிகளை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மிஷின் தலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மேஜையே மிதக்குமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிக்கட்டிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் மேல வாங்க."

"பரவாயில்ல டீச்சர், கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும்" என்றார் இவர், டீச்சர் பக்கம் திரும்பாமலே.

"அது குறையறதுக்குள்ள நீங்க கரைஞ்சிடுவீங்க. பிடிவாதத்தை அப்புறம் பிடிங்க, இப்ப மிஷினைப் பிடிங்க."

சொன்னதோடு நிற்காமல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். எழுபது வயதிருக்கும். நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்து மிஷின் தலையை மாடிக்குக் கொண்டுபோனோம். பின்னாலேயே இவர் ஒரு கையில் அகராதியும் இன்னொரு கையில் மருந்துப் பெட்டியுமாக ஏறி வந்தார்.

கூடத்தில் மேற்கு ஜன்னலோரம் பெரிய மரச்சாய்வு நாற்காலி. அதில் டீச்சரின் கணவர். மெலிந்து போயிருந்தார். சட்டை மட்டும் கஞ்சி போட்டதுபோல் மடிப்புக் கலையாமல் இருந்தது. நனைந்து சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

என் கணவரின் முகம் சுருங்கியது. டீச்சர் அவசரமாகச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சுல அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். பசிச்சாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். நாப்பது வருஷம் என் சமையலைப் பத்தி ஒரு நாள் சொன்னதில்ல. இப்ப மருந்தைக் குடுத்தாக்கூட நல்லாருக்குங்கிறார்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டீச்சரே முதலில் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

மறுநாள் மழை விட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் அப்படியே நிற்க, மேலே ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் அடித்தது. மாடிவீட்டில் அந்த வெயில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூரை கொதித்தது. மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து டீச்சரின் கணவர் முகத்தில் விழுந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கையைத் தூக்கி மறைத்துக்கொள்ளவும் முடியாது.

டீச்சர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, உடம்பையெல்லாம் பின்னால் சாய்த்து இழுத்தார். கர்ரென்றது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மறுபடியும் இழுத்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொசைக் தரையில் மேற்கு ஜன்னலிலிருந்து கிழக்குச் சுவர் வரைக்கும் இரண்டு வெள்ளைத் தடங்கள், தண்டவாளம்போல.

"இங்க ஒரு பெரிய மரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர், மூச்சு வாங்கியபடி. "அது இருந்தவரைக்கும் இந்த ஜன்னல்ல வெயிலே தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி புயல்ல விழுந்ததுலயிருந்துதான் இந்தப் பாடு. காலையில அவருக்குத் தெரு பாக்கணும், அதனால காலி நாற்காலியை மெதுவா இந்தப் பக்கம் நகர்த்திடுவேன். மத்தியானம் அவரோட சேர்த்து அந்தப் பக்கம். சத்தம் வரும்னு தெரியும். தனியாத் தூக்க முடியல."

இவர் எழுந்தார். போய் நாற்காலியின் முன்பக்கம் குனிந்து, இரண்டு கால்களையும் பிடித்தார்.

"இழுக்காதீங்க டீச்சர். தூக்கிடலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

சத்தமே இல்லாமல் நாற்காலி கிழக்குச் சுவரோரம் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் வெகுநேரம் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மூன்று இருபதுக்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தயாராக நின்றார்.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் இவர் வழக்கப்படி ஒரு மனு எழுதினார். தெருக்கோடியில் நகராட்சியின் நீரேற்று நிலையம் இருக்கிறது. அங்கே ஓடும் பம்பு போதவில்லை, ஊழியர்கள் மெத்தனம் என்று இரண்டு பக்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் தடவித் தடவி அதைக் கொடுக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மனு சட்டைப்பையிலேயே இருந்தது.

"குடுக்கலையா?" என்றேன்.

"அங்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கான். மூணு நாளா வீட்டுக்கே போகல. பம்பு சூடேறி நின்னு போகுதாம், ஈரத்துணியப் போட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருக்கான். அவன் வீட்டுலயும் தண்ணியாம். பொண்டாட்டி பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தங்கியிருக்காங்களாம்."

நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே மறுபடி சொன்னார்:

"நான் சத்தம் போட்டேன். அவன் திருப்பிச் சத்தம் போடல. 'சார், இந்தப் பம்பு வச்சப்ப ஒரு மாச மழைக்குக் கணக்குப் போட்டாங்க. இப்ப அது ஒரே நாள்ல பெய்யுது. நீங்க எனக்கு மனு குடுக்கலாம், நான் யாருக்குக் குடுக்கிறது?'ன்னு கேட்டான். மனுவைப் பையிலயே வச்சுக்கிட்டு வந்துட்டேன்."

பிறகு தயங்கித் தயங்கி, "அவன் சட்டையெல்லாம் எண்ணெய். மாத்திக்கக்கூட ஒண்ணு இல்ல" என்றார்.

சீருடைக்காக வாங்கி வைத்திருந்த நீலத்துணிக் கட்டு நனையாமல் தப்பியிருந்தது. மிதிக்கும் பகுதி கீழே தண்ணீரில் கிடந்ததால், மிஷின் தலையை டீச்சரின் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தேன். அளவு இவர் சொன்னதுதான்: "என்னைவிடக் கொஞ்சம் உயரம், ரொம்ப ஒல்லி." டீச்சர் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தார். கணக்கு டீச்சர் அல்லவா, பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி அச்சடித்த மாதிரி விழுந்தது. சட்டையோடு ஒரு பிளாஸ்க் டீயும் எடுத்துக்கொண்டு இவர் மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். திரும்பி வந்ததும், "கை மட்டும் கொஞ்சம் நீளமாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் வடிந்த பிறகு கீழே இறங்கினோம். சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக்கோடு. உள்ளே ஒரே சேறு. பம்பு ஓட்டுகிறவர் அந்த நீலச்சட்டையோடு வந்து, சேற்றை வழித்துப்போட அரை நாள் உதவினார். கட்டிலும் அலமாரியும் போயின. மிஷினின் மிதிப்பலகை துருவேறி அசையவில்லை. வாசல்கதவு உப்பிப்போய், எத்தனை முட்டியும் திறக்காமல், கடைசியில் உடைத்துத்தான் எடுத்தார்கள். அந்தக் கதவைத் தெருவில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுச் சொந்தக்காரர் இனிமேல் கீழே யாரையும் குடிவைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சுவர்களை எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் விடுவதாக ஏற்பாடு. எங்கே போவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது டீச்சர்தான் பேச்சை எடுத்தார்.

"என் பையன் இருக்கிற ஊரு கொஞ்சம் குளிர்ச்சி. ரொம்ப நாளாக் கூப்பிடறான். இன்னொரு கோடையை இவர் இங்க தாங்க மாட்டார். வேத்து ஆளுங்க யாரோ வர்றதுக்கு நீங்களே மேல வந்திடுங்களேன்."

"உங்க வீட்டை விட்டுட்டு எப்படி டீச்சர் போவீங்க?" என்றேன்.

"முப்பது வருஷம் இருந்தாச்சு. ஒவ்வொரு சுவருக்கும் நன்றி சொல்லிக்கிட்டிருந்தா கிளம்பவே முடியாது. மொத்தமா ஒரு தடவை சொல்லிட்டேன்."

அவர்கள் கிளம்பிய அன்று டீச்சரின் கணவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கியவர்கள் என் கணவரும் பம்புக்காரரும்தான். வண்டி திரும்பும்வரை இவர் தெருவிலேயே நின்றார்.

நாங்கள் மாடிக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இதற்குள் இரண்டு தடவை தெருவில் வெள்ளம் வந்து போய்விட்டது. கீழே எட்டிப் பார்த்தால், நான் மிஷின் போட்டிருந்த இடத்தில் யாருடைய ஸ்கூட்டரோ நிற்கிறது. சில நாள் அந்த வீட்டை நினைத்து மனசு கனத்துப்போகும். அந்த மழையும், அந்தப் படிகளும், பையோடு உள்ளே விழும் என் மகளும் இனித் திரும்பி வரப்போவதில்லை. வெயிலும் குறைகிற வழியாக இல்லை. மகள் தொலைபேசியில், "அம்மா, அங்க எப்படித்தான் இருக்கீங்க? இங்க வந்திடுங்க" என்கிறாள். அவள் ஊரில் குடிதண்ணீருக்கு வரிசை. அதைச் சொன்னால் அவளும் சிரித்துவிடுகிறாள்.

கூரைச் சூட்டில் பகலில் தைக்க முடியாது என்று ஆனதும் வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்தரையிலிருந்து எட்டுவரைக்கும் கிழக்குப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வருகிறது. இத்தனை வருஷமும் அந்தக் காற்று வந்திருக்கும், நான் கவனித்ததில்லை. இவர் டீ போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், எனக்கும் கேட்கிறமாதிரி சத்தமாக.

இன்று காலை மிஷினை நிறுத்திவிட்டுச் சட்டென்று கேட்டேன்:

"என்னங்க, காத்து வருதுல்ல?"

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். கையை நீட்டிப் பார்த்தார்.

"வருதே."

எழுந்துபோய், பாதி மூடியிருந்த ஜன்னல் கதவை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டு வந்தார். நான் அடுத்த சட்டைக்குத் துணியை விரித்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.