சுவருக்கு அந்தப்பக்கத்துச் சத்தம்

நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான். அதுவும் சஃபியா வீட்டுக் குழாயில் மட்டும் நூல் மாதிரி இறங்கியது. ஒரு குடம் நிறைவதற்குள் எதிர்வீட்டில் அண்டாவே நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து 'கொர்ர்ர்' என்று சத்தம். போன வாரமும் தண்ணீர் வந்தபோதுதான் கேட்டது. சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். மோட்டாரேதான். தெருக்குழாயில் மாட்டி உறிஞ்சுகிறார்கள்.

மறுநாள் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, உங்களுக்குத் தண்ணி நல்லா வருதுங்களா?"

"என்னமோ வருதுங்க அம்மணி."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சஃபியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பேர் சொல்லாமல் மாநகராட்சிக்குப் போன் அடித்துவிட்டாள். மோட்டார் பிடிபட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். பிடிபடாவிட்டால்? ரம்ஜானுக்குப் பிரியாணியும் பொங்கலுக்குக் கரும்பும் சுவர் தாண்டிப் போய்வந்த பழக்கம் என்னாகும் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த தண்ணீர் நாளில் இரண்டு பேர் வந்தார்கள். நேராக ராசம்மாள் வீட்டுக்குள் போனார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"மோட்டாரா? இதுதானுங்க என்ற ஊட்டு மோட்டாரு!" என்று ராசம்மாள் கத்துவது கேட்டது. "கிரைண்டரு! உப்புத் தண்ணி ஊத்தி ஆட்டுனா இட்லி கல்லாட்டம் இருக்குதுங்க. நல்ல தண்ணி வர்ற அன்னைக்குத்தான் மாவாட்டுவேன். இது குத்தமுங்களா?"

தெரு சிரித்தது. சஃபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தவர்கள் வரிசையாக எல்லா வீட்டு மீட்டரையும் பார்த்தார்கள். சஃபியா வீட்டு வாசலில் நின்ற ஆள், "ஏனுங்க, வால்வை முக்கால்வாசி மூடி வெச்சுப்போட்டுத் தண்ணி வரலீன்னா எப்படீங்க?" என்றார்.

அவள் கணவர் அப்துல் குத்தூஸ் தலையைச் சொறிந்தார். "மொதல்ல வெறும் காத்துதான் வருதுங்க. அதுக்கும் மீட்டர் சுத்துது. அதான் கொஞ்சம் மூடி வெச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" பல்லைக் கடித்தாள் சஃபியா.

வால்வைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

சாயங்காலம் ராசம்மாள் வந்தாள். "அந்தக் கடேசி ஊட்டு பிரவின்குமாருதாங்க போன் பண்ணியிருப்பான். வண்டி நிறுத்துறதுல எங்களுக்கும் அவனுக்கும் ஆகாது. இப்பவே போயி நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

சும்மா இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். ராசம்மாள் படியிறங்கிவிட்டாள்.

"அக்கா, அவன் இல்லீங்க. நாந்தான்."

ராசம்மாள் திரும்பி அவளையே பார்த்தாள்.

"செவுத்துல காது வெச்சுக் கேட்டீங்களாக்கும்?"

சஃபியா ஆமென்று தலையாட்டினாள்.

"என்ற ஊட்டுக் கதவு தொறந்துதான கெடந்துது. உள்ள வந்து பாக்கறதுக்கு என்னங்க?"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அது கோபமா, அழைப்பா என்று சஃபியாவுக்கு விளங்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கதவை நோக்கிப் படியிறங்கினாள்.