தாழ்ப்பாளில் படுத்த பெருவிரல்

எங்கள் ஊரில் கைரேகை, தன் விரல் எங்கே போக ஏங்குகிறதோ அங்கே போய்ச் சேரும். அதனால் போலீஸ் வேலை சுலபம். பவுடர் தூவி ரேகையை எழுப்பிவிட்டுப் பின்னாலேயே நடக்க வேண்டும். அது ஒட்டிக்கொள்ளும் இடத்தில் காத்திருந்தால் திருடன் என்றைக்காவது வந்தே தீருவான்.

கூட்டுறவு வங்கியைக் கொள்ளையடித்த கும்பலில் நான்கு பேர். ஒருவனின் ரேகை புரோட்டாக் கடை சால்னா வாளியில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குப் போனது. மூன்றாவது, ஒரு குழந்தையின் தொட்டில் கம்பிக்கு. மூவரும் வந்தார்கள், பிடித்தோம். புரோட்டாக் கடைக்கு வந்தவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் விலங்கு போட்டோம். நாங்களும் மனுஷர்கள்தானே.

நான்காவது ஒரு பெருவிரல் ரேகை. அதன் பின்னால் நானும் ஏட்டு அந்தோணிசாமியும் நடந்தோம். அது மார்க்கெட்டைத் தாண்டி, என் தெருவுக்குள் திரும்பி, என் வீட்டுக் கதவில் ஏறித் தாழ்ப்பாளில் படுத்துக்கொண்டது.

"மேடம், இது உங்க வீடுல்லா?"

"ஆமா. எங்க வீட்டுக்காரரு ரேகைதான். குறுக்க அந்தத் தழும்பு தெரியுதுல்லா?"

"அப்ப நீங்களே காவல் இருந்துக்கிடுங்க. நான் டீ குடிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்."

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய பூவலிங்கம் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. எங்கேயோ சுகமாக இருக்கிறார் என்று நினைத்து வயிறெரிந்திருக்கிறேன். இப்போது தாழ்ப்பாளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. வந்தால் கைது செய்ய வேண்டும். வராவிட்டால் என்னால் தாங்க முடியாது. விலங்கைத் துடைத்து வைத்தேன். தினமும் சாளை மீன் குழம்பும் வைத்தேன்.

ஒரு மத்தியானம் வந்தார். சட்டைக் கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"கை ரெண்டையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வாரேன், புஷ்பம். பெட்டகத்தத் திறந்தது அதுகதான."

சட்டப்படி சரிதான். விலங்கை எடுத்து உள்ளே வைத்தேன்.

"உக்காருங்க. குழம்பு ஆறிடும்."

ஊட்டிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் என்னையே பார்த்தார்.

"ஒன் கன்னத்தத் தொடணும் போல இருக்கு."

"ஜெயில்ல கையப் பாக்க சனிக்கிழமைதான் மனு போடலாம்" என்றேன்.

சனிக்கிழமை ஜெயிலுக்குப் போனேன். கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளும் நீண்டு என் முகத்தை ஏந்திக்கொண்டன. எத்தனை வருஷத்து ஏக்கம். நேரமாகிவிட்டது என்று வார்டர் சொன்னார். கைகள் விடுவதாக இல்லை. பூவலிங்கமோ வீட்டில் பசியோடு இருப்பார். முகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து சோறு வடித்தேன்.